மிலே மாதிரி பேஸ்டலில் வயல் வரைய வருகுதில்லை, எங்கே பிழை?

தம்பலகாமத்தாள்:
வணக்கம். பெரும்போக வெட்டு முடிந்த வயலில் அம்மம்மா கதிர் பொறுக்கியதை கைபேசியில் எடுத்து வைத்திருக்கிறேன். மெஷின் வந்த பிறகும் அவ விடுகிறா இல்லை. பிரெஞ்சு ஓவியர் மிலேயின் பேஸ்டல் (நிறக்குச்சி) படங்களைப் பார்த்த ஆசையில் அதை வரையத் தொடங்கினேன். திருகோணமலை ரவுணில் பேஸ்டல் என்று கேட்டு வாங்கிய பெட்டி, வெள்ளைத் தாள். சேலை பரவாயில்லை. வைக்கோல்தான் மெழுகு பூசினது போல வழுக்குகிறது, ஒரு நிறத்தின் மேல் மற்றது ஏறவே இல்லை. மிலேக்கு மட்டும் எப்படிப் புழுதி பறக்கிறது?

கரிக்கட்டி:
மெழுகு போல என்றால் அது ஒயில் பேஸ்டல், தங்கச்சி. நானும் ஒரு வருஷம் அதோடு மல்லுக்கட்டினேன். மிலே பாவித்தது உலர் பேஸ்டல். நிறப்பொடியில் கொஞ்சம் பசை சேர்த்து உருட்டிய குச்சி, தொட்டாலே விரலில் தூள் ஒட்டும். கடையில் ‘சொஃப்ட் பேஸ்டல்’ என்று கேளுங்கள்.

அப்புறம், அவர் பெரும்பாலும் நிறத்தில் தொடங்குவதில்லை. கறுப்புக் கட்டியால் முதலில் ஆளை நிறுத்திவிடுவார், முதுகு வளைவு, காலின் பாரம் எல்லாம். அதற்கு மேல்தான் பேஸ்டல், அதுவும் கோடு கோடாக. கோடுகளுக்கு இடையில் மங்கல் நிறத் தாள் எட்டிப் பார்க்கும். நீங்கள் கேட்ட புழுதி அதுதான். 1865 முதல் எமில் கவே என்ற கட்டடக் கலைஞர் கேட்டுக் கேட்டு வாங்கியதால்தான் இவ்வளவு பேஸ்டல் நமக்கு மிஞ்சியது. மிலே பிரான்சின் நோர்மண்டிப் பக்கத்து விவசாயி வீட்டுப் பிள்ளை, இளமையில் வயலில் நின்றவர். குனிந்த முதுகு அவருக்கு மனப்பாடம்.

வாடைக்காற்று:
மிலேயின் கதிர் பொறுக்கும் மூன்று பெண்கள் படம் (1857) எண்ணெய் வண்ணம், அதைப் பார்த்து பேஸ்டல் பழகாதீர்கள். லேர்மித் என்ற பிரெஞ்சு ஓவியரின் அறுவடைப் பேஸ்டல்களையும் தேடுங்கள். நம்மூர் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும், என்னுடைய ஒன்று மாரியில் அப்படித்தான் போனது. கண்ணாடி போடுங்கள், ஆனால் தாளில் முட்டக் கூடாது.

தம்பலகாமத்தாள்:
பெட்டியைப் பார்த்தேன், ஒயில்தான்! கொழும்பு போகும் மாமாவிடம் சொல்லியிருக்கிறேன். அதுவரை சீமெந்துப் பைத் தாளில் கரியால் பழகலாமா?

கரிக்கட்டி:
தாராளமாக. சீமெந்து படாத மடிப்பை எடுங்கள். நாளடைவில் நொறுங்கும், பழகத்தானே. முகத்தை விடுங்கள், கையைப் பாருங்கள். அந்த எண்ணெய் வண்ணப் படத்தில் ஒருத்தி பொறுக்கிய கதிரை முதுகுக்குப் பின்னால் பிடித்திருப்பாள். அம்மம்மா எங்கே வைத்திருக்கிறா?

தம்பலகாமத்தாள்:
மடியில் கட்டியிருக்கிறா. நான் அதை வரையவே இல்லை.