கலிஃபோர்னியா வாக்குச்சீட்டு: புதிதாகக் குடியேறிய தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, ஓட்டுநர் உரிமத்துக்காக டி.எம்.வி. அலுவலகத்துக்குச் சென்ற இடத்தில் வாக்காளராகப் பதிந்துகொள்ள விருப்பமா என்று கேட்கிறார்களே, என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். குடியுரிமை கிடைக்கும் வரை எக்காரணம் கொண்டும் பதியாதீர்கள். எச்1பி விசாவில் இருப்பவர், கிரீன் கார்டு வைத்திருப்பவர் என்ற வேறுபாடு இதில் இல்லை. குடிமகன் என்று பொய்யாக உறுதியளித்து ஒரு படிவத்தில் கையெழுத்திட்டுவிட்டால், பின்னர் கிரீன் கார்டு பெறும் வழியே ஏறக்குறைய அடைபட்டுவிடும். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் என்-400 படிவத்திலும், இதற்கு முன் எப்போதாவது வாக்காளராகப் பதிந்தீர்களா, வாக்களித்தீர்களா என்று வெளிப்படையாகக் கேட்கிறார்கள்.

மளிகைக் கடை வாசலில் அட்டையை நீட்டி, ஒரு நல்ல காரியத்துக்காகக் கையெழுத்திடுங்கள் என்று கேட்பவர்களிடமும் இதே கவனம் தேவை. பெரும்பாலும் அவை மாநிலச் சட்டத்தையே மாற்றக் கோரும் மனுக்கள். பதிவுசெய்த வாக்காளர் மட்டுமே அவற்றில் கையெழுத்திடலாம். வேட்பாளர்களுக்கு நன்கொடை அளிப்பதில் மட்டும் விதி சற்று மாறுகிறது: கிரீன் கார்டு உள்ளவர் அளிக்கலாம், எச்1பி விசாவில் உள்ளவர் அளிக்கக் கூடாது.

வாக்கு இல்லையென்பதால் இந்தத் தேர்தல்களை அறியாமல் இருந்துவிடலாம் என்று எண்ணிவிடாதீர்கள். தமிழ்நாட்டில் நாம் சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு பொத்தானை அழுத்துகிறோம். முதலமைச்சர் அந்த அவையிலிருந்து வருகிறார், ஆளுநரோ குடியரசுத் தலைவரால் நியமிக்கப்படுகிறார். இங்கே ஆளுநரே மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர். அவரோடு துணை ஆளுநர், மாநில அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல், மாநிலச் செயலாளர், கணக்குக் கட்டுப்பாட்டாளர், பொருளாளர், காப்பீட்டு ஆணையர், பள்ளிக்கல்விக் கண்காணிப்பாளர் ஆகியோரையும் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்கள் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். சென்னையில் பிறந்த தாயின் மகளான கமலா ஹாரிஸ் 2010ஆம் ஆண்டில் அட்டர்னி ஜெனரலாகத் தேர்வானது இப்படி மாநிலம் முழுவதும் வாக்குப் பெற்றுத்தான். காப்பீட்டு ஆணையரை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை; ஆனால் உங்கள் கார் காப்பீட்டுக் கட்டணத்தை நிறுவனம் உயர்த்த விரும்பினால் அவருடைய ஒப்புதல் முன்கூட்டியே தேவை. அந்த ஏற்பாட்டை 1988ஆம் ஆண்டில் ப்ரொபொசிஷன் 103 (மக்களின் நேரடி வாக்குக்கு விடப்படும் முன்மொழிவுக்கு இங்கே ப்ரொபொசிஷன் என்று பெயர்) வழியாக மக்களே வாக்களித்து உருவாக்கினார்கள்.

மாநிலச் சட்டமன்றத்துக்கு இரு அவைகள். 80 பேர் கொண்ட அசெம்பிளிக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்தல். 40 பேர் கொண்ட செனட்டில் அப்போது பாதிப் பேர் தேர்தலைச் சந்திக்கிறார்கள். முதற்கட்டத் தேர்தலில் முதலிரண்டு இடங்களைப் பெறுபவர்கள் எந்தக் கட்சியினராக இருந்தாலும் நவம்பரில் நடக்கும் இறுதித் தேர்தலுக்குச் செல்வதால், இறுதிப் போட்டியில் ஒரே கட்சியின் இருவர் மோதுவதும் உண்டு.

என் பார்வையில் வாக்குச்சீட்டின் கனமான பகுதி ப்ரொபொசிஷன்கள்தான். ஆளுநர் ஹைரம் ஜான்சன் காலத்தில், 1911ஆம் ஆண்டில், சட்டம் இயற்றும் உரிமையை வாக்காளர்களும் பெற்றார்கள். கடைசி ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்குகளில் 5 விழுக்காட்டுக்கு இணையான கையெழுத்துகள் சேர்ந்தால் ஒரு சட்டமும், 8 விழுக்காடு சேர்ந்தால் அரசமைப்புத் திருத்தமும் மக்கள் முன் வரும். இப்படி நிறைவேறிய சட்டத்தை, அதுவே இடமளித்தாலொழிய, சட்டமன்றம் தானாகத் திருத்த முடியாது.

நாளை நீங்கள் வீடு வாங்கும்போது இதன் கனம் புரியும். 1978ஆம் ஆண்டின் ப்ரொபொசிஷன் 13, சொத்து வரியின் அடிப்படை விகிதத்தை 1 விழுக்காடாக வரையறுத்தது; வரிக்கான மதிப்பும் ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் உயரக் கூடாது என்றது. வீடு கைமாறும்போது அந்த மதிப்பு சந்தை விலைக்கு ஏறும். ஆகவே ஒரே அளவுள்ள இரு வீடுகளில், முப்பது ஆண்டுகளாக அங்கே வாழும் முதியவர் கட்டும் வரியைப் போலப் பல மடங்கைப் பக்கத்து வீட்டைப் புதிதாக வாங்கிய நம்மவர் கட்டுகிறார்.

‘ஆம்’, ‘இல்லை’ என்ற சொற்களில் மிகுந்த நிதானம் வேண்டும். 2020 நவம்பரில் 12 ப்ரொபொசிஷன்கள் இருந்தன. அதுவே நான் முதன்முதலாக வாக்களித்த தேர்தல். ப்ரொபொசிஷன் 25, ரொக்கப் பிணையை (கைதானவர் பணம் கட்டி விசாரணைவரை வெளியே இருக்கும் முறையை) ஒழிக்கும் சட்டத்தை எதிர்த்தவர்கள் கொண்டுவந்தது. ஆயினும் ‘ஆம்’ என்றால் சட்டம் நிலைக்கும், ‘இல்லை’ என்றால் நீங்கும். மனுவை முன்னெடுத்தவர்களின் பக்கம் நிற்பவர் ‘இல்லை’ என்று குறிக்க வேண்டியிருந்தது. அதைத் தெளிவாக உணர நான் வாக்காளர் கையேட்டை மூன்று முறை படித்தேன். இரு விடைகளின் பொருள், செலவு பற்றிய மதிப்பீடு, இரு தரப்பு வாதங்கள் ஆகிய அனைத்தும் அதில் உள்ளன. மாநிலச் செயலாளரின் இணையதளத்தில் யாரும் படிக்கலாம் என்பதால், வாக்குரிமைக்குக் காத்திராமல் இந்தத் தேர்தலிலிருந்தே வாசிக்கத் தொடங்குங்கள்.

குடியுரிமை பெற்று, தேர்தலுக்கு 15 நாட்களுக்கு முன்பே பதிந்துவிட்டால் வாக்குச்சீட்டு அஞ்சலில் வீடு தேடி வரும். திருப்பி அனுப்ப அஞ்சல்தலை வேண்டாம். உறையின் மீது கையெழுத்திட மறவாதீர்கள். அதைப் பதிவேட்டில் உள்ள கையெழுத்தோடு ஒப்பிடுவார்கள் என்பதால், உரிமத்தில் தமிழில் கையெழுத்திட்டவர் உறையிலும் தமிழிலேயே இடுவது நல்லது. பொருந்தவில்லையென்றால் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) அலுவலகம் கடிதம் வழியாக உங்களைத் தொடர்புகொண்டு சரிசெய்ய வாய்ப்பளிக்கும். அந்தக் கடிதத்தைப் பிரிக்காமல் ஒதுக்கிவிடாதீர்கள்.