ஒத்தப் புள்ளை காலத்துல செவ்வாய்க் கிரகத்துக்குக் குடிபோறது யாரு?

நாகலூர்க்காரி:
எங்க ஆயா பெத்தது ஏழு. காடு பத்தாம, ஆத்தூர் பக்கத்துலருந்து நடுப்பசங்க ரெண்டு பேரு ஏற்காட்டுக்கு மேல ஏறி காபித் தோட்டத்துல சேர்ந்தாங்க. அதுல ஒருத்தர் எங்கப்பா. இப்ப எங்க தெருவுல பாதி வீட்டுல ஒரே புள்ளைதான். 1974-ல அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் ஜெரார்ட் ஓநீல் விண்வெளிக் குடியிருப்பு பத்தி எழுதினப்போ, பூமியில ஜனம் பெருகறதை ஒரு பெரிய காரணமாச் சொன்னார். 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல ஒரு பொண்ணுக்குச் சராசரி 1.8 புள்ளை. ஜனத்தொகை குறையாம நிக்கவே 2.1 வேணும். அப்புறம் செவ்வாய்க்கு எந்த வீட்டுலருந்து ஆளைக் கிளப்புவாங்க? எம்பொண்ணு பெங்களூர் போறேன்னதுக்கே வீட்டுக்காரர் சோத்துல கை வைக்கல.

செவ்வாய்ப்பேட்டைத் தம்பி:
அக்கா, வீட்டுல ஆள் குறைஞ்சா வேலை நின்னுடுதா? நான் போற தறிப்பட்டறையில இப்ப ஒடியா பேசறவங்கதான் ஜாஸ்தி. செவ்வாய்க்கும் காண்ட்ராக்ட்ல போவாங்க, முடிஞ்சா வந்துடுவாங்க. அண்டார்டிகாவைப் பாருங்க. அந்த மண்ணு மேல உரிமையை நிலைநாட்ட அர்ஜென்டினா ஒரு கர்ப்பிணியையே அங்க இருக்கற தன்னோட எஸ்பெரான்சா தளத்துக்கு அனுப்புச்சு. 1978-ல எமிலியோ பால்மா பொறந்தான். அதுக்காக அங்க ஊரா உருவாச்சு? செவ்வாயில ஈர்ப்பு வேற இங்கத்ததுல 38 சதவீதம்தான். அதுல ஒரு குழந்தை வளர்ந்து யாரும் பார்த்ததில்ல.

மலைக்காத்து:
குடியேறணும்னா சொந்தபந்தத்தோட போகணும். இங்க மலையாளி சனங்க (கேரளாக்காரங்க இல்லீங்க, மலைக்காரங்க) வழிவழியாச் சொல்ற கதையில, காஞ்சிபுரத்துலருந்து வந்த அண்ணன் தம்பி மூணு பேரும் ஆளுக்கொரு மலையாப் பிரிஞ்சு போனாங்க. மே மாசம் ஏற்காட்டுச் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வந்து பாருங்க, ஒரு வம்சமே மலையேறினா எப்படி இருக்கும்னு தெரியும். விண்வெளி நிலையத்துல ஏழு பேரு மாசக்கணக்குல இருக்கறது டூட்டி, குடியேத்தம் இல்ல.

நாகலூர்க்காரி:
தம்பி சொல்றதுதான் எனக்குப் பயம். தோட்டத்துல வேலை போனா, தோட்டக்காரங்க குடுத்த லயன் வீடும் போச்சு. எங்கப்பா வேலையை விட்டு நின்ன அன்னிக்கே மேஸ்திரி வாசல்ல வந்து, “சாவி எப்பங்க?”ன்னார். கீழ இறங்க பஸ்ஸாவது இருந்துச்சு. அங்க மூச்சுக்காத்தே முதலாளி குழாய்ல வரும். எந்த லேபர் ஆபீஸ்ல மனு குடுக்கறது?

செவ்வாய்ப்பேட்டைத் தம்பி:
1967 விண்வெளி ஒப்பந்தப்படி எந்த நாடும் அந்த மண்ணைச் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனா கலம் எந்த நாட்டுப் பதிவோ, உள்ள இருக்கறவங்க மேல அதிகாரம் அந்த நாட்டுக்குத்தான். கம்பெனி அமெரிக்காவுல பதிஞ்ச கலத்துல கூட்டிட்டுப் போனா, நம்ம ஓமலூர்ப் பையனும் அங்கதான் மனு போடணும். திரும்பற டிக்கெட் யார் செலவுன்னு கிளம்பறதுக்கு முன்னாடியே எழுதி வாங்கிக்கச் சொல்லுங்க.