பைக் சீட்டின் அடித்தகடு துருப்பிடித்துவிட்டது, அவசர உதவி தேவை

கோத்தகிரிவாசி:
அனைவருக்கும் வணக்கம். அப்பாவின் பழைய வண்டியைச் சீர்செய்துகொண்டிருக்கிறேன். சீட்டைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால் அடித்தகடு முழுவதும் துரு. வரும் ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்தாக வேண்டும். எதைப் பூசினால் துரு நிற்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பட்டறைக்காரன்:
தம்பி, எந்த வண்டி என்பதையே நீங்கள் எழுதவில்லையே. துரு மேலோட்டமாக இருக்கிறதா, தகட்டில் ஓட்டை விழுந்துவிட்டதா? ரெக்ஸினையும் ஃபோமையும் பிரித்தீர்களா? ஸ்க்ரூடிரைவரின் முனையால் தகட்டைத் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் இரும்பு மிச்சமிருக்கிறது. முனை உள்ளே இறங்கினால் பூச்சைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

தேயிலைத்தோட்டம்:
நம் ஊரில் இருந்துகொண்டு கடைக்குப் போவானேன்? தேயிலைத் தூளைக் கெட்டியாகக் கொதிக்கவைத்து, ஆறியபின் துருவின்மேல் மூன்று முறை பூசுங்கள். அதிலுள்ள துவர்ப்புப் பொருள் துருவோடு சேர்ந்து கருநீலப் படலமாக மாறிவிடும். கடையில் விற்கும் துருமாற்றிகள் சிலவற்றிலும் இதே வேதியியல்தான்.

பழுதுநீக்கி:
வண்டியின் பெயரைக்கூடச் சொல்லத் தோன்றாதவருக்கு டிகாஷன் வைத்தியம் பொருத்தமாகத்தான் இருக்கும். இந்தக் கேள்விக்கு நான் பலமுறை விடை எழுதிவிட்டேன். தேடிப் படிக்கும் பொறுமைதான் யாருக்கும் இல்லை. ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டில் அரை மணி நேரம் ஊறவைத்தால் தகடு பளிச்சென்று வந்துவிடும். அவ்வளவுதான்.

கூடலூர்ஜாவா:
ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் சீட் தகட்டுக்கு அந்த ஆசிட் ஆகாது. தகட்டின் ஓரம் மடித்தும், தாங்கிகள் புள்ளி வெல்டிங்கில் ஒட்டியும் இருப்பதால், இடுக்குகளில் புகுந்த ஆசிட் எத்தனை முறை கழுவினாலும் முழுவதுமாக வெளியேறாது. பெயிண்ட் அடித்த சில மாதங்களில் அந்த மடிப்பிலிருந்தே மறுபடியும் துரு கசியும். போதாக்குறைக்கு, ஆசிட்டில் வெளுத்த இரும்பு நம் மூடுபனியில் காய்வதற்குள் மஞ்சள் பூத்துவிடும்.

மூலிகைப்பிரியன்:
தேயிலையைவிடக் கடுக்காயில் துவர்ப்பு அதிகம். அன்னபேதி என்ற இரும்பு உப்போடு கடுக்காய் சேர்த்து மை செய்தவர்கள் நம் முன்னோர்கள். இரும்புச் சத்தைக் கறுக்கவைக்கும் குணம் அதற்கு உண்டு.

தேயிலைத்தோட்டம்:
கடுக்காயை விலை கொடுத்து வாங்க வேண்டும். தேயிலைத் தூள் எங்கள் வீட்டில் சும்மா கிடக்கிறது. தொழிற்சாலையில் கூட்டித் தள்ளும் தூசியே இதற்குப் போதும்.

மூலிகைப்பிரியன்:
சும்மா கிடைக்கிறது என்பது வேதியியல் ஆகாது, நண்பரே. இரண்டையும் இரண்டு ஆணிகளில் பூசிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கோத்தகிரிவாசி:
மன்னிக்கவும், எஸ்டி ரோட்கிங். ஃபோமை இப்போதுதான் பிரித்தேன். பின்பக்கம் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன.

பழுதுநீக்கி:
இதை முதலிலேயே எழுதியிருந்தால் இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும். மைசூரில் இந்த வண்டியின் உற்பத்தி 1996இலேயே நின்றுவிட்டது. தகட்டைக் காயலான் கடையில் போட்டுவிட்டு வேறு யாரோ செய்து விற்கும் வெளிச்சந்தைத் தகட்டை வாங்கிவிடாதீர்கள். துளைகள் பொருந்தாமல் பிறகு இங்கேதான் வந்து புலம்புவீர்கள்.

பட்டறைக்காரன்:
அவர் சொன்ன விதத்தை விடுங்கள், சொன்னது சரி. தகட்டைக் காப்பாற்றலாம். முதலில் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, நல்ல இரும்பு தெரியும் வரை ஓட்டையின் ஓரத்தை வெட்டி எடுங்கள். சல்லடையாகிப்போன ஓரத்தில் வெல்டிங் பிடிக்காது. ஒட்டுக்கு 20 கேஜ் தகடு, அதாவது ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர் கனம், போதும். கூரையிலிருந்து வெட்டிய துத்தநாகம் பூசிய துண்டைப் போடாதீர்கள். பற்றவைக்கும்போது எழும் புகை வெல்டருக்குக் காய்ச்சலை வரவழைக்கும். ஆர்க் வெல்டிங் மெல்லிய தகட்டை ஊதித் தள்ளிவிடும் என்பதால் சி.ஓ.2 வெல்டிங் (கரியமில வாயுவின் பாதுகாப்பில் மெல்லிய கம்பியால் பற்றவைப்பது) இருக்கும் பட்டறையாகப் பார்த்து, தொடர்ச்சியாக இழுக்காமல் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புள்ளி வைத்து நிரப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தகடு நெளிந்துவிடும். சட்டத்தில் மாட்டும் இடம் மெலிந்திருந்தால் அதற்கும் உள்பக்கம் ஒரு பட்டை கொடுங்கள், ஏனெனில் இரண்டு பேரின் பாரம் அங்கேதான் இறங்குகிறது.

பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சான பிரைமருக்கு அவசரப்படாதீர்கள். இருகலவை எபாக்சி பிரைமர் 10 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய இறுகுவதே இல்லை. வெயில் ஏறியபின், தகட்டை வெந்நீர்ப் பாத்திரத்தின் பக்கத்தில் வைத்துக் கைபொறுக்கும் சூடாக்கிவிட்டு அடியுங்கள். குளிர்ந்த தகட்டில் கண்ணுக்குத் தெரியாமல் பனி கோத்திருக்கும். ரெட் ஆக்சைடு என்ற செந்நிறப் பிரைமரை மட்டும் அடித்து நிறுத்தினால் அது ஈரத்தை உள்ளே விடும்.

கூடலூர்ஜாவா:
இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மழைநீர் ரெக்ஸினின் தையல் துளை வழியாக இறங்கி ஃபோமில் தங்கி, வாரக்கணக்கில் தகட்டை நனைத்துக்கொண்டே இருந்திருக்கும். ஆகவே பழைய ஃபோமைத் திரும்பப் போடாதீர்கள், தகட்டின் வடிகால் துளைகளை ஒட்டுப் போடும்போது மூடிவிடாதீர்கள், தையலை உள்பக்கம் பசை நாடாவால் அடைக்கச் சொல்லுங்கள்.

கண்ணாடியிழை:
வெல்டிங்கே வேண்டாம். பிசினும் கண்ணாடியிழைப் பாயும் போட்டு மூடினால் ஒரே மாலையில் வேலை முடிந்துவிடும்.

பட்டறைக்காரன்:
அடியில் துருவை வைத்துக்கொண்டு மூடினால், வளையும் தகட்டிலிருந்து அது ஒரே ஏடாகப் பிரிந்து வரும். நான் பிரித்தெடுத்திருக்கிறேன்.

கோத்தகிரிவாசி:
ஃபோமைப் பிழிந்ததில் ஒரு சொம்புத் தண்ணீர் வந்தது. தகடு வெல்டிங் பட்டறையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாமாவின் ஸ்கூட்டரில் போய்க்கொள்கிறேன். அனைவருக்கும் நன்றி.

மூலிகைப்பிரியன்:
மடிப்புக்குள் எதைப் பூசினீர்கள், தேயிலையா கடுக்காயா?