பழைய மாளிகையில் பிரெஞ்சு உணவகம்: அம்மாவை அழைத்துப் போகலாமா?

கேள்வி:
அம்மாவின் 60வது பிறந்தநாளுக்கு, பழைய மாளிகையில் ஒரு தம்பதி நடத்தும் சின்ன பிரெஞ்சு உணவகத்தில் மேசை சொல்லி வைக்கலாம் என்றிருக்கிறேன். அம்மா சுத்த சைவம், மூட்டுவலி வேறு. முன்கூட்டி என்னென்ன கேட்க வேண்டும்?

பதில் 1:
முதலில் போன் போட்டுப் படிக்கட்டைப் பற்றிக் கேளுங்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடங்களில் லிஃப்ட் வைக்கச் சுலபத்தில் அனுமதி கிடைக்காது, கழிப்பறை பெரும்பாலும் மாடியிலோ நிலவறையிலோதான். நாங்கள் போன இடத்தில் நடுவில் தேய்ந்து குழிவிழுந்த கல்படிகள், கைப்பிடியும் இல்லை, அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கியதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. தரைத்தள மேசையைக் கேட்டு வாங்குங்கள்.

பதில் 2:
சைவம் என்று மட்டும் சொன்னால் போதாது. வெங்காய சூப் என்று பேர், ஆனால் வழக்கமாக மாட்டெலும்பு வேகவைத்த சாறில்தான் செய்வார்கள், மேலே உருகிக் கிடக்கும் க்ரூயேர் சீஸும் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரெனெட் சேர்த்து உறையவைப்பது. இரண்டு நாள் முன்பே விவரமாகச் சொல்லிவிடுங்கள். கத்தரிக்காய், குடைமிளகாய், தக்காளியை ஆலிவ் எண்ணெயில் நிதானமாக வதக்கும் ராட்டட்டூய் அம்மாவுக்குப் பிடிக்கும்.

பதில் 3:
மெனுவில் 'ஆந்த்ரே' என்றிருந்தால் அது முதலில் வரும் சின்ன தட்டு, அதோடு சாப்பாடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். அப்புறம், பிரெஞ்சு வழக்கப்படி நீங்கள் கேட்காமல் பில் வராது, நிம்மதியாக உட்கார்ந்து பேசலாம்.

கேள்வி கேட்டவர்:
சீஸ் விஷயம் சத்தியமாகத் தெரியாது. நாளைக்கே போன் போடுகிறேன், ரொம்ப நன்றி.