கோசென்சா பேராலயத்தில் கண்மூடிய அரசி

தென் இத்தாலியில் பாவோலாவில் வண்டி மாறி கோசென்சாவுக்கு நான் சென்றது, புனித ரோமப் பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக்கின் மகன் ஹென்றி அடக்கம் செய்யப்பட்ட பேராலயத்தைப் பார்க்கத்தான். அவர் நினைவாகக் காட்டப்படும் பழைய ரோமானியக் கல்பேழையைச் சில நிமிடங்களில் பார்த்துவிட்டு இடப்பக்கம் திரும்பியவன், பிரான்சு அரசி இசபெல்லாவின் நினைவுச் சிற்பத்தின் முன் ஒரு மணி நேரம் நின்றுவிட்டேன்.

1270இல் சிலுவைப்போருக்குச் சென்ற இடத்தில், துனிசில், இசபெல்லாவின் மாமனாரான பிரான்சு அரசர் ஒன்பதாம் லூயி இறந்தபின், அவருடைய எலும்புகளுடன் படை ஊர் திரும்பிக்கொண்டிருந்தது. 1271 சனவரியில் மார்த்திரானோ அருகே சவூத்தோ ஆற்றைக் கடக்கும்போது, கருவுற்றிருந்த இசபெல்லா குதிரையிலிருந்து விழுந்தார்; சில நாள்களில் கோசென்சாவில் உயிர் பிரிந்தது. அக்கால வழக்கப்படி எலும்புகளைப் பிரித்தெடுத்துப் பாரிசை அடுத்து, பிரான்சு அரசர்களின் அடக்க இடமான செயின்ட் டெனிசுக்குக் கொண்டுசென்றனர். தசை இங்கேயே புதைக்கப்பட்டது.

மூன்று வளைவுகளின் நடுவில் குழந்தையை ஏந்திய மரியாள் நிற்கிறார். வலப்பக்கம் கணவர் மூன்றாம் பிலிப்பும் இடப்பக்கம் இசபெல்லாவும் முழந்தாளிட்டுக் கைகூப்பியிருக்கிறார்கள். அரசரின் முகத்தில் தனித்துச் சொல்ல ஏதுமில்லை. அரசியின் கண்களோ மூடியிருக்கின்றன. கன்னம் வீங்கினாற்போல் இருக்க, அதன் குறுக்கே ஒரு வடு ஓடுகிறது. இறந்த முகத்தில் அச்செடுத்துச் செதுக்கியது என்பார் ஒரு சாரார். வடு கல்லின் குறையே என்பார் மறுசாரார். நெருங்கிப் பார்த்த எனக்கு இரண்டாவது கருத்து வடுவுக்குப் பொருந்தலாம் என்றே பட்டது. ஆனால் மூடிய இமைகளைக் கல்லின் மேல் பழி போட்டுத் தள்ளிவிட மனம் வரவில்லை.

பூச்சுக்குள் மறைந்துகிடந்த இச்சிற்பம் 1891இல்தான் மீண்டும் வெளிப்பட்டது என்பதையும் அங்கேதான் அறிந்தேன்.

*

(மேற்கண்டதைப் படித்த ஒருவரின் மறுமொழி)

தாங்கள் சொன்ன அரசியின் மறுபாதியைச் செயின்ட் டெனிசில் பார்த்திருக்கிறேன். கறுப்புப் பளிங்குப் பலகைமேல் வெள்ளைப் பளிங்கில் படுத்திருக்கும் அந்த உருவத்தில் வீக்கமோ வடுவோ கிடையாது; முடி சூடிய இளம்பெண்ணின் அமைதியான முகம் மட்டுமே உண்டு. எலும்பு சென்ற ஊரில் அரசியையும், தசை கிடக்கும் ஊரில் விபத்தில் இறந்த பெண்ணையும் செதுக்கியிருக்கிறார்கள் என்று, தாங்கள் எழுதியதைப் படித்தபோதுதான் எனக்குத் தோன்றியது. அங்கே நான் நின்றது ஐந்து நிமிடம்கூட இராது.