ஃபிளைட் சிமுலேட்டருக்கு முதலில் எதை மாற்றுவது: பிராசஸரா, கிராஃபிக்ஸ் கார்டா?

நண்பர்களே, வணக்கம். விமானம் ஓட்டும் கணினி விளையாட்டான மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020-இல் ஏ320 பயணிகள் விமானம் ஓட்டுகிறேன். நடுவானில் நொடிக்கு 40 ஃபிரேம் (திரையில் மாறும் படங்கள்) வரை கிடைக்கிறது. லண்டன் நகரத்தின் மேலாக ஹீத்ரோவின் 27எல் ஓடுபாதைக்கு இறங்கும்போது 18-க்கு விழுந்துவிடுகிறது. 50, 40, 30 என்று விமானத்தின் குரல் உயரத்தை அடிக்கணக்கில் சொல்லிக்கொண்டே வரும். மூக்கைத் தூக்க வேண்டிய அந்த நொடியில் திரை உறைந்துவிடும். அடுத்த காட்சி வருவதற்குள் சக்கரம் தரையில் மோதியிருக்கும். ஒரு மணி நேரம் பொறுமையாகப் பறந்து வந்ததெல்லாம் வீணாகிறது.

என்னிடம் இருப்பவை: ரைசன் 5 3600, பி450 மதர்போர்டு, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் (6 ஜிபி), 16 ஜிபி டிடிஆர்4 ரேம், 450 வாட் பவர் சப்ளை.

கிராஃபிக்ஸ் கார்டின் சுமை குறையட்டும் என்று ரெசல்யூஷனை (படத்தின் துல்லியம்) 1440-இலிருந்து 1080-க்குக் குறைத்துப் பார்த்தேன். தரையிறங்கும்போது ஃபிரேம் எண்ணிக்கை அசையவே இல்லை. விளையாட்டின் டெவலப்பர் மோடும் மெயின் த்ரெட்தான் (பிராசஸரில் ஓடும் முதன்மை வேலை) தடை என்று காட்டுகிறது. அதனால் பிராசஸர்மீதுதான் எனக்குச் சந்தேகம். ரைசன் 7 5700எக்ஸ்3டி பிராசஸர் இதே போர்டில், பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருள்) புதுப்பித்தால் பொருந்தும். அதன் எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) 96 எம்பி. என்னுடையதில் 32 தான்.

கையில் 30,000 ரூபாய் இருக்கிறது. கடைக்காரர் கிராஃபிக்ஸ் கார்டைத்தான் முதலில் மாற்றச் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. 3600-இலிருந்து எக்ஸ்3டி வகைக்கு மாறியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பெரிய விமான நிலையங்களில் எத்தனை ஃபிரேம் கூடியது? ரேமையும் 32 ஜிபி ஆக்க வேண்டுமா? பழைய கூலர் அந்தச் சூட்டைத் தாங்குமா என்பதையும் தயவுசெய்து சொல்லுங்கள்.