“கொஞ்சம் காத்திருங்கள்” என்கிறது பள்ளி: மகனுக்குச் சிறப்புக் கல்வி மதிப்பீடு கேட்கலாமா?

மதுரைக்காரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் கலிஃபோர்னியாவில், பே ஏரியாவில் வசிக்கிறோம். கணவர் எச்-1பி விசாவில் வேலை செய்கிறார். நானும் மகனும் எச்-4 விசாவில் இருக்கிறோம். மகன் ஐந்து வயதில் மதுரையிலிருந்து வந்து கிண்டர்கார்ட்டனில் சேர்ந்தான். இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறான். சேர்க்கையின்போது கொடுத்த வீட்டுமொழிப் படிவத்தில் தமிழ் என்று எழுதியிருந்தோம். அதனால் முதல் மாதத்துக்குள்ளேயே எல்பாக் என்ற ஆங்கிலத் திறன் தேர்வு வைத்து, அவனை ஆங்கிலம் கற்கும் மாணவர் பட்டியலில் சேர்த்தார்கள். அதில் எங்களுக்கு மனக்குறை எதுவும் இல்லை.

எங்கள் கவலை வேறு. மாலையில் சாப்பாட்டு மேசையில் புத்தகத்தோடு உட்காருவோம். முதல் வரியில் வரும் ‘வாஸ்’ என்ற சொல்லை நான் சொல்லிக்கொடுத்தால் படிப்பான். இரண்டாம் வரியில் அதே சொல் வந்தால் எழுத்துகளைத் திருப்பிப் படித்து ‘சா’ என்பான். மூன்றாம் வரிக்கு வரும்போது எழுத்தைப் பார்க்காமல் படத்தைப் பார்த்து எதையாவது சொல்வான். சென்ற வாரம் வீடு பெருக்குவதற்காகச் சோபாவை நகர்த்தியபோது, தொலைந்துவிட்டதாக அவன் சொல்லியிருந்த பள்ளி நூலகப் புத்தகங்கள் மூன்றும் அதன் அடியில் கிடந்தன. அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே நின்றுவிட்டேன்.

தமிழிலும் அவன் தடுமாறுகிறான். மூன்று வயது வரை கோர்வையாகப் பேசவில்லை. இப்போதும் ஊரிலிருக்கும் பாட்டியோடு தொலைபேசியில் பேசும்போது, ‘துடைப்பம்’ என்ற சொல் நினைவுக்கு வராமல் “அந்தப் பெருக்குறது” என்கிறான். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஒரு நாள் தெரிந்த எழுத்து மறுவாரம் தெரிவதில்லை.

வகுப்பாசிரியரிடம் இரண்டு முறை பேசிவிட்டேன். “இரண்டு மொழிகள் அல்லவா, ஆங்கிலம் படிய ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும், கொஞ்சம் காத்திருங்கள்” என்றே இரண்டு முறையும் சொன்னார். பிறகு நடந்த மாணவர் நலக் குழுக் கூட்டத்தில், முதலில் சிறு குழுவில் வாசிப்புப் பயிற்சி கொடுத்துப் பார்ப்போம், மதிப்பீட்டைப் பற்றி அடுத்த ஆண்டு யோசிக்கலாம் என்றார்கள். நாங்களாகவே மதிப்பீடு கேட்க முடியுமா? கேட்டால் கிரீன் கார்டுக்கோ விசாவுக்கோ பாதகம் வருமா என்று கணவர் தயங்குகிறார். அது பிள்ளையின் பெயரோடு கடைசி வரை ஒட்டிக்கொள்ளும் என்று மாமியார் பயப்படுகிறார். வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். அனுபவப்பட்டவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

சான் ஹோசே தந்தை எழுதியது:

வணக்கம், சகோதரி. சோபாவுக்கு அடியில் புத்தகம் என்பதைப் படித்தபோது எங்கள் மகளின் பள்ளிப் பையின் அடிப்பக்கம் நினைவுக்கு வந்தது. “காத்திருங்கள்” என்ற சொல்லை நம்பி நாங்கள் இரண்டு ஆண்டுகளை இழந்தோம். அப்போது நாங்கள் இருந்த பள்ளி மாவட்டத்தின் (அந்தப் பகுதிப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) பெயரை எழுத விரும்பவில்லை. அங்கே பிற்பாடு எங்களுக்கு உதவிய நல்ல ஆசிரியர்களும் இருந்தார்கள்.

நீங்கள் கட்டாயம் கேட்கலாம். கேட்பதை எழுத்தில் கேளுங்கள் என்பதுதான் நான் சொல்லக்கூடிய முதல் யோசனை. ஆசிரியரிடம் வாசலில் நின்று பேசியது, பெற்றோர் சந்திப்பில் சொன்னது இவையெல்லாம் காற்றோடு போய்விடும். “என் மகனுக்குச் சிறப்புக் கல்வித் தகுதிக்கான முழு மதிப்பீடு செய்ய வேண்டும் என்று கோருகிறேன், வாசிப்பு, பேச்சு, மொழி ஆகியவற்றில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது” என்று நான்கு வரிகள் எழுதி, தேதியும் கையெழுத்தும் இட்டுத் தலைமையாசிரியருக்கும் மாவட்டச் சிறப்புக் கல்வி அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். கலிஃபோர்னியாவில் அந்தக் கோரிக்கை கிடைத்த 15 நாட்களுக்குள், எந்தெந்தச் சோதனைகள் செய்யப்போகிறோம் என்ற மதிப்பீட்டுத் திட்டத்தைப் பள்ளி உங்களுக்குத் தர வேண்டும். அதைப் படித்து முடிவெடுக்க உங்களுக்குக் குறைந்தது 15 நாட்கள் உண்டு. நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுத்ததிலிருந்து 60 நாட்களுக்குள் மதிப்பீட்டை முடித்து, ஐ.இ.பி. எனப்படும் தனிநபர் கல்வித் திட்டத்துக்கான கூட்டத்தைக் கூட்ட வேண்டும். ஐந்து பள்ளி நாட்களுக்கு மேற்பட்ட விடுமுறைகள் இந்தக் கணக்கில் சேராது. ஏப்ரல், மே என்று இழுத்தால் கோடை விடுமுறை குறுக்கே வந்து கணக்கு நின்றுவிடும். எங்களுக்கு அப்படித்தான் நேர்ந்தது, ஆகவே தள்ளிப்போடாதீர்கள்.

மறுப்பதாக இருந்தாலும் வாய்வார்த்தையாக மறுக்கக் கூடாது. ஏன் மறுக்கிறோம், எதை வைத்து முடிவு செய்தோம் என்று அவர்கள் எழுத்தில் தந்தாக வேண்டும். சிறு குழுப் பயிற்சி நல்லதுதான், அது நடக்கட்டும். ஆனால் அதைக் காரணம் காட்டி மதிப்பீட்டைத் தள்ளிப்போடக் கூடாது என்று மத்திய கல்வித்துறை 2011 ஜனவரியிலேயே மாநிலங்களுக்குத் தெளிவாக எழுதியிருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம்.

உங்கள் கணவரின் தயக்கம் எனக்கும் இருந்தது. சிறப்புக் கல்வி என்பது ரொக்க உதவித்தொகை அல்ல. 1975இல் வந்து இன்று ஐ.டி.இ.ஏ. என்று வழங்கும் கூட்டாட்சிச் சட்டத்தின்படி, ஒவ்வொரு பிள்ளைக்கும் உள்ள இலவசப் பொதுக்கல்வி உரிமையின் ஒரு பகுதி. குடியேற்ற நிலையைக் காரணம் காட்டி எந்தக் குழந்தைக்கும் பொதுப்பள்ளியின் கதவை அடைக்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982இல் பிளைலர் வழக்கில் தீர்ப்பளித்தது. மதிப்பீடு கேட்பதற்காக எங்களிடம் யாரும் விசா கேட்கவில்லை. மனம் சமாதானம் ஆகவில்லை என்றால் உங்கள் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம், ஆனால் அதற்காகக் கடிதத்தை நிறுத்தி வைக்க வேண்டாம். மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள்: ஐ.இ.பி. கோப்பு தனியுரிமைக்கு உட்பட்டது. பல்கலைக்கழகத்துக்குப் போகும் மதிப்பெண் பட்டியலில் பிள்ளையின் குறைபாடு என்று எதுவும் எழுதப்படுவதில்லை.

கூட்டத்துக்குத் தனியாகப் போகாதீர்கள். சான் ஹோசேயில் பேரன்ட்ஸ் ஹெல்ப்பிங் பேரன்ட்ஸ் என்ற அமைப்பு 1976 முதல் இயங்கிவருகிறது. இப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோரே தொடங்கியது. கடிதத்தை எப்படி எழுதுவது, கூட்டத்தில் எதைக் கேட்பது என்று எங்களுக்கு அங்கேதான் சொல்லிக்கொடுத்தார்கள். இதுபோன்ற பெற்றோர் பயிற்சி மையம் ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒன்றாவது கூட்டாட்சி நிதியில் இயங்குகிறது.

பேச்சுப் பயிற்சியாளர் எழுதியது:

நான் கலிஃபோர்னியாவிலேயே ஒரு பள்ளி மாவட்டத்தில் ஸ்பீச் தெரபிஸ்ட்டாக இருக்கிறேன், வீட்டுமொழி தமிழ். மேலே எழுதிய ஐயா நடைமுறையை நன்றாக விளக்கிவிட்டதால், நான் மொழியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஆங்கிலம் போதாது என்பதே முக்கியக் காரணமாக இருந்தால், அதை வைத்து ஒரு குழந்தையைச் சிறப்புக் கல்வியில் சேர்க்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. அது மிகவும் நல்ல விதி. ஒரு காலத்தில் இங்கே ஸ்பானிய மொழி பேசிய பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் மட்டும் தேர்வு வைத்து, மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று முத்திரை குத்தினார்கள். 1970இல் கலிஃபோர்னியாவில் தொடரப்பட்ட டயானா வழக்குக்குப் பிறகே அவரவர் மொழியில் மதிப்பிட வேண்டும் என்ற முறை இங்கே வந்தது. ஆனால் பிள்ளைகளைக் காக்க வந்த அதே விதியைச் சில பள்ளிகள் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, ஆங்கிலம் கற்கும் மாணவர் என்றாலே சோதிக்கத் தேவையில்லை என்று நடந்துகொள்கின்றன. மொழி காரணமா, வேறு சிக்கலா என்பதைச் சோதித்தால்தானே தெரியும்?

நாங்கள் முதலில் பார்ப்பது, சிக்கல் இரண்டு மொழிகளிலும் இருக்கிறதா என்பதைத்தான். தமிழ்க் குழந்தை ஆங்கிலத்தில் ‘ஃபிஷ்’ என்பதைப் ‘பிஷ்’ என்றாலோ, ‘ஸ்கூல்’ என்பதை ‘இஸ்கூல்’ என்றாலோ அது குறைபாடு அல்ல. தமிழின் ஒலிப்பழக்கம் ஆங்கிலத்தில் எட்டிப் பார்க்கிறது, அவ்வளவுதான். தாய்மொழியிலேயே பேச்சு தாமதமாக வந்தது, அன்றாடம் புழங்கும் சொல் நாவில் வராமல் அதன் வேலையைச் சொல்லிச் சமாளிப்பது, நேற்றுப் பதிந்த எழுத்து இன்று நழுவிப் போவது ஆகிய மூன்றும் வேறு வகை. நீங்கள் எழுதிய துடைப்பத்தை அப்படியே கடிதத்திலும் எழுதுங்கள் அம்மா. தமிழ் தெரியாத ஒரு குழுவுக்கு உங்களைத் தவிர வேறு யாரும் அந்தத் தகவலைத் தர முடியாது. பார்க்காமல் எதையும் உறுதியாகச் சொல்ல மாட்டேன், ஆனால் இது மதிப்பிட வேண்டிய குழந்தை என்பதில் எனக்கு ஐயமில்லை.

தமிழை நிறுத்தச் சொன்ன நண்பரின் பேச்சைக் கேட்க வேண்டாம். இரண்டு மொழிகள் பேசுவதால் டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடோ மொழிக் குறைபாடோ உண்டாவதில்லை. கதையைக் கோர்வையாகச் சொல்லும் திறனும் சொல்வளமும் ஒரு மொழியில் வளர்ந்தால் மற்றதற்கும் கைகொடுக்கும். தமிழை நிறுத்தினால் பாட்டியோடு பேசும் பேச்சும் போய்விடும்; வாசிப்புச் சிக்கல் மட்டும் அப்படியே இருக்கும்.

இன்னொன்றும் கேளுங்கள். 2025-26 கல்வியாண்டு முதல் கலிஃபோர்னியாவில் கிண்டர்கார்ட்டன் தொடங்கி இரண்டாம் வகுப்பு வரை ஒவ்வொரு ஆண்டும் வாசிப்புச் சிரமத்துக்கான முதனிலைச் சோதனை நடத்த வேண்டும். டிஸ்லெக்சியா அபாயமும் அதில் அடங்கும். உங்கள் மகனின் முடிவைக் கேட்டு வாங்குங்கள். அது முழு மதிப்பீட்டுக்கு ஈடாகாது, ஆனால் கூட்டத்தில் உங்கள் கையில் ஒரு தாளாக இருக்கும்.

கூட்டத்துக்கு மொழிபெயர்ப்பாளரும் கேளுங்கள். ஒரு பள்ளியில் 15 சதவீத மாணவர்கள் பேசும் மொழியில்தான் அறிவிப்புகளை மொழிபெயர்க்க வேண்டும் என்ற மாநில விதி இருப்பதால், தமிழில் சுற்றறிக்கை வருவது அரிது. ஐ.இ.பி. கூட்டத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. பெற்றோர் ஒருவரே ஆனாலும் அவருக்குப் புரியச் செய்வது பள்ளியின் கடமை. உங்கள் ஆங்கிலம் நன்றாகவே இருக்கலாம். ஆனாலும் பெற்ற பிள்ளையைப் பற்றிப் பத்துப் பேர் முன்னால் கேட்கும்போது தாய்மொழியில் கேட்பது வேறு. உறவினரை அந்த வேலைக்கு அழைத்துப் போக வேண்டாம்.

டெக்சாஸ் வாசகி எழுதியது:

எங்கள் மாநிலத்தில் கால வரம்பு வேறு: எழுத்தில் கேட்டால் 15 பள்ளி நாட்களுக்குள் பதில், ஒப்புதலுக்குப் பிறகு அறிக்கைக்கு 45 பள்ளி நாட்கள். “காத்திருங்கள்” என்பதற்குப் பின்னால் என்ன இருக்கக்கூடும் என்பதற்கு எங்கள் மாநிலமே சாட்சி. மொத்த மாணவர்களில் 8.5 சதவீதத்துக்கு மேல் சிறப்புக் கல்வியில் இருக்கக் கூடாது என்ற இலக்கை 2004இல் வைத்துப் பல ஆண்டுகள் நடத்தினார்கள். ஹூஸ்டன் கிரானிக்கிள் நாளிதழ் 2016இல் அதை வெளிக்கொண்டுவந்த பிறகே, 2017இல் சட்டமன்றம் அதற்குத் தடை விதித்தது. ஆசிரியர் கெட்டவர் என்பதல்ல. அவருக்கு மேலே என்ன நெருக்கடி என்று நமக்குத் தெரியாது. ஐ.இ.பி.க்குத் தகுதி இல்லை என்று வந்தாலும் மனம் தளராதீர்கள், வழக்கமான வகுப்பிலேயே தேவையான வசதிகளைத் தரும் 504 திட்டம் கேட்கலாம். 1973ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டப் பிரிவு அது. என் மகனுக்கு அதன்படிதான் தேர்வில் கூடுதல் நேரமும் கேட்டுப் படிக்கும் ஒலிநூல்களும் கிடைக்கின்றன.

மதுரைக்காரி எழுதியது:

பதில் தந்த மூவருக்கும் என் நன்றி. கணவரும் நானும் சேர்ந்து உட்கார்ந்து கடிதம் எழுதினோம். துடைப்பத்தையும் சோபாவையும் எழுதினோம். பள்ளி அலுவலகத்தில் நேரில் கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொண்டேன். பதின்மூன்றாம் நாள் மதிப்பீட்டுத் திட்டம் வந்துவிட்டது. அதில் ஒரு சந்தேகம். மாணவரின் முதன்மை மொழி என்ற இடத்தில் தமிழ் என்று சரியாக இருக்கிறது; ஆனால் சோதனைகள் நடக்கும் மொழி என்ற கட்டத்தில் ஆங்கிலம் மட்டுமே இருக்கிறது. கையெழுத்திடலாமா, திருப்பி அனுப்பலாமா?

பேச்சுப் பயிற்சியாளர் எழுதியது:

திருப்பி அனுப்ப வேண்டாம். நீங்கள் கையெழுத்திடும் வரை 60 நாள் கணக்கு தொடங்காது. கையெழுத்திட்டு, அதன் அருகிலேயே “என் மகனின் பேச்சையும் மொழியையும் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் உதவியோடு தமிழிலும் மதிப்பிடும்படி கோருகிறேன்” என்று எழுதுங்கள். அதையே அன்றைக்கே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். முடியாது என்றால் ஏன் என்று அவர்கள் எழுத்தில் சொல்லட்டும். தமிழுக்கென்று அளவீடு செய்த தேர்வுகள் எங்களிடம் இல்லாததால், ஆங்கிலத் தேர்வைத் தமிழில் சொல்லி மதிப்பெண் போட்டால் அந்த எண்ணை நம்பக் கூடாது. அவன் தமிழில் கதை சொல்வதைப் பதிவுசெய்து, அதை விவரித்து எழுதியிருக்கிறார்களா என்று அறிக்கையில் பாருங்கள். முடிந்தால் அவன் பாட்டியோடு இயல்பாகப் பேசும் ஐந்து நிமிடப் பேச்சை அனுமதியோடு பதிவுசெய்து, அவர்களிடம் கொடுங்கள்.